நட்சத்திரக் கேள்வி எண் 173

பதினொரு மணிக்குத்தான் அவை கூடும்.
பத்தே முக்காலுக்கே
கடையின் பெரிய திரையில் டெல்லியைத் திறந்து வைத்துவிட்டேன்.
ஓரத்துச் சின்னக் கட்டத்தில்
யாருடைய அடங்கலோ
பிரதிக்குக் காத்துக் கிடக்கிறது.

ஊத்துக்கோட்டைக்கு வடக்கே, ஆறு முதுகைத் திருப்பிக்கொள்கிற இடத்தில் கடை.
கல்லாவில் வைத்தால் கைபேசி தமிழ்நாட்டில் இருக்கும்.
சன்னலில் வைத்தால்
ஆந்திரப் பிரதேசம் உங்களை வரவேற்கிறது என்று அதிரும்.
எட்டடி அறைக்குள்
ஒரு நாளைக்கு எத்தனை தடவை குடிபெயர்கிறேனோ.

கேள்வி எங்களுடையது.
கேட்பவர் நான் ஓட்டுப் போட முடியாதவர்.
போன ஆடியில் மூன்று மொழியில் தட்டச்சு செய்து
இரண்டு கரை எம்பிக்கும் அனுப்பினோம்.
இக்கரையிலிருந்து ஒப்புகைச் சீட்டு வந்தது.
அக்கரைக்காரர் கேட்டேவிட்டார்:

தரைப்பாலம் வருடத்தில் நாற்பது நாள்
நீருக்கடியில் கிடப்பதை அரசு அறிந்திருக்கிறதா;
ஆம் எனில், அதன் விவரம் என்ன;
இல்லை எனில், அதற்கான காரணங்கள் என்ன;
பாலம் கட்ட மாநிலங்கள் எதுவும் கோரினவா.

அந்த 'இல்லை எனில்'மேல்
ரொம்ப நேரம் கண் நின்றது.
அறியாமல் இருந்ததற்கும் காரணம் சொல்லிக்கொள்ள
இடம் விட்டு எழுதுகிறார்கள்.

பட்டியலில் பதின்மூன்றாவது.
முதல் கேள்வி எங்கோ ஒரு விமான நிலையம்.
இரண்டாவதில் ஒருவர் எழுந்தார், பிறகு ஒரு வரிசை எழுந்தது,
பிறகு எல்லாக் காகிதமும் எழுந்தது.
பைட்டியே, பைட்டியே என்றார் சபாநாயகர்.
"உட்காரச் சொல்றாரு" என்றான் பால்வண்டி நாதமுனி.
ஆதார் நகலுக்கு நின்ற கிழவர் ஒருவர்
பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

பதினொன்று பத்தொன்பதுக்கு ஒத்திவைப்பு.
யாருமில்லாத அவையை
கேமரா இன்னும் காட்டிக்கொண்டிருந்தது.
பச்சைக் கம்பளத்தில் ஒருவர் குனிந்து
கிழிசல்களைப் பொறுக்கினார்.
பூக்கூடையை இறக்காமலே பார்த்தாள் தேசம்மா.
"அவ்ளோ பெரிய எடத்துல
ஒரு பொட்டு ஈரமில்ல பாரு."

கேட்கப்படாத கேள்விக்கும் பதில் உண்டு.
மேஜையில் வைத்துவிடுவார்கள்.
எந்த மேஜை என்று நாதமுனி கேட்டான். தெரியவில்லை.
நானும் தேடினேன், திரையில் மேஜைகள் நிறைய இருந்தன.

மூன்று மணிக்கு, மின்சாரம் போய் வந்த பிறகு,
இணையத்தில் ஏறியது.
ஒரே தாள். மேலே சிங்கங்கள்.
(அ): இல்லை, ஐயா.
(ஆ) முதல் (ஈ) வரை:
இதை எப்படித் தமிழில் சொல்வது என்று தடுமாறி,
கடைசியில் உள்ளபடியே படித்தேன்.
கேள்வி எழவில்லை.

"எழலையா?"
"எழலையாம்."
"மூணு வருசமா படுத்தேவா கெடக்கு?"
லைன்மேன் சுப்பராயுலு
தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தான்.
அது புரிந்த எவரும் சிரிக்கவில்லை.

மேலே மதகு திறந்துவிட்டார்களாம்,
அக்கரையில் மகள் போனில் கத்துவது
கடை முழுக்கக் கேட்டது.
பாலத்தின் மூன்றாவது கல் தெரிகிறதா, அம்மா?
தேசம்மா வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.
ரெண்டாவதுதான் தெரியுது.
இன்னும் அரைமணி இருக்கு.

திரும்பி வந்து அந்தத் தாளை எடுத்தாள்.
"பின்பக்கம் வெள்ளைதானே?"
என் பேனாவை வாங்கி
கல்லாமேல் வைத்து எழுதினாள்:
முல்லை நாலு கிலோ. சாமந்தி ஏழரை.
கனகம்மாவுக்குப் பாக்கி நூத்திப் பத்து.
இன்றைக்கு வராவிட்டால் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று
ஒரு பேர், ஒரு எண்.

நாலாக மடித்து இடுப்பில் செருகி
சேலையை முட்டிக்கு மேல் இழுத்துக் கட்டினாள்.
பிரதிக்கு இரண்டு ரூபாய்.
அவளும் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை.
சன்னலில் கைபேசி
மறுபடி வரவேற்றது.